உழைச்செல்வார் வரலாறு

மருத்துவம் நான்கு உறுப்புகளை உடையது என்று வள்ளுவர் வகுத்தார். நோயுற்றவன், நோய் தீர்க்கும் மருத்துவன், மருந்து என்னும் மூன்றும் எவர்க்கும் எளிதில் நினைவுக்கு வருவன. நான்காவதாக அவர் வைத்தது ‘உழைச்செல்வான்’ என்பது. ‘உழை’ என்றால் பக்கம். நோயாளியின் பக்கத்திலிருந்து, மருந்தைப் பிழையாமல் கொடுத்து, வேண்டும் பணிகளைச் செய்பவன் என்பது பொருள். ‘மருந்து’ அதிகாரத்தின் இறுதிக் குறளை நடத்தும்போது முதல் மூன்றையும் விரித்துரைத்து, நான்காவதை ஒரு சொற்பொருளோடு விட்டுவிடுவது ஆசிரியர்களாகிய நம்மில் பலர்க்கு வழக்கம். இருபத்தைந்து ஆண்டுகளுக்கும் மேலாக நானும் அவ்வாறே செய்து வந்தேன்.

நாடுகளை ஆண்டோரும் அவ்வாறே செய்தனர் என்பதைக் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம். மருத்துவமனை கட்டினர்; மருந்து வாங்கினர்; நோயாளிக்கு உதவிப்பணம் வகுத்தனர். வீட்டில் நோயாளியின் பக்கத்தில் இருந்தவரை மட்டும் நெடுங்காலம் கண்ணெடுத்துப் பார்க்கவில்லை. பார்க்கத் தொடங்கியது அண்மையில்தான். அந்த வரலாற்றைச் சிங்கப்பூரின் மேற்கிலுள்ள பூன் லே என்னும் ஓர் ஊரை வைத்துக்கொண்டே பெரும்பாலும் சொல்லிவிடலாம்.

பூன் லேயை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. நான் ஜோகூரில் ஒரு தோட்டப் பள்ளியின் தலைமையாசிரியன். என் தமக்கையார் மணமாகிச் சிங்கப்பூருக்குச் சென்று, பூன் லேயில் ஓர் அடுக்குமாடி வீட்டில் வாழ்கிறார். பக்கவாதத்தால் ஒரு பக்கம் செயலிழந்த தம் மாமியாரை ஆறு ஆண்டுகளாகப் பேணி வருகிறார். அதன் பொருட்டு ஜூரோங்கில் பார்த்துவந்த தொழிற்சாலை வேலையை விட்டுவிட்டார். பள்ளி விடுமுறையில் சென்றிருந்தபோது, இவ்வாறு பேணுவோர்க்கு அரசாங்க மானியம் இருக்கிறதே, மனுச் செய்யவில்லையா என்று கேட்டேன்.

“மாமியாரைப் பார்த்துக்கிறதுக்குக் கூலி வாங்கச் சொல்றியா தம்பி?” என்றார் அக்காள்.

அந்தக் கேள்விக்கு உடனே விடை சொல்ல எனக்குத் தெரியவில்லை. விடையைத் தேடியபோது கிடைத்தவையே கீழ்வருவன.

தோட்டமாக இருந்த ஊர்

பூன் லே என்பது ஒரு மனிதரின் பெயர். சியூ பூன் லே என்னும் சீன வணிகர் ஜூரோங் வட்டாரத்தில் பெருநிலம் உடையவராக இருந்தார். அந்நிலத்தில் முதலில் காம்பியரும் மிளகும், பின்னர் ரப்பரும் பயிராயின. அவர் 1933இல் மறைந்தார். இன்று ரயில் நிலையமும் அடுக்குமாடிகளும் நிற்கும் அவ்வட்டாரத்தின் பழைய முகம் தோட்டத்தின் முகமே. ஆகவே தோட்டங்களிலிருந்து இவ்வரலாற்றைத் தொடங்குவது பொருத்தமாகும்.

மலாயாவிலும் நீரிணைக் குடியேற்ற நாடுகளிலும் ரப்பர் பெருகியபோது, தென்னிந்தியத் தொழிலாளரைக் கொண்டுவருவதற்காக 1907இல் தமிழர் குடியேற்ற நிதி ஏற்பட்டது. முதலாளிமார் தலைக்கு இவ்வளவு என்று அதற்குப் பணம் கட்டினர். நேச மலாய் நாடுகளின் 1923ஆம் ஆண்டுத் தொழிற்சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப்பேர் உள்ள தோட்டங்களில் பள்ளி வைக்க வேண்டும் என்றது. நம் தோட்டப் பள்ளிகள் பலவற்றின் வேர் அதில்தான் இருக்கிறது. கைக்குழந்தைகளுக்கு ஆயாக் கொட்டகை இருந்தது. இருள் பிரியுமுன் தாய் பெரட்டுக்குப் போய்ப் பால்மரம் வெட்ட வேண்டும். பிள்ளை தொட்டிலில் அழுதால் வேலை கெடும். ஆதலின் ஆயா ஒருத்தியை அமர்த்தித் தோட்டமே சம்பளம் கொடுத்தது.

இங்கு ஒன்றை நோக்க வேண்டும். பிள்ளையைப் பேணுவது வேலை என்பதைத் தோட்டம் அறிந்திருந்தது. அதற்குச் சம்பளமும் வகுத்தது. ஏனெனில் அப்பேணுதல் ஒருத்தியின் உழைப்பை மரத்தடிக்கு விடுவித்தது. கிழவரையும் நோயாளியையும் பேணுவதில் தோட்டத்திற்கு அத்தகைய ஆதாயம் இல்லை. வேலைக்கு ஆகாதவர் என்று எழுதப்பட்டோரை மேற்சொன்ன நிதியின் செலவிலேயே கப்பலேற்றித் தமிழகத்திற்கு அனுப்பினர். 1930களின் தொடக்கத்தில் உலகப் பொருளாதாரம் சரிந்தபோது, வேலை இழந்த பல்லாயிரவர் அவ்வழியே சென்றனர். போகாது நின்றவரை லயத்து வீட்டில் மனைவியோ மகளோ மருமகளோ பார்த்துக்கொண்டாள். அதற்காக அவள் ஒரு நாள் வேலைக்குப் போகாவிட்டால் செக்ரோலில் அன்று அவளுக்குப் பேர் இல்லை. பேர் இல்லையேல் கூலி இல்லை. அவள் அன்று செய்த வேலையை எழுத எந்தப் பேரேட்டிலும் பத்தி இல்லை.

1938இல் இந்திய அரசாங்கம் தொழிலாளர் புறப்பாட்டைத் தடுத்தது. அதன்பின் போக்குவரத்துக் குறைந்து, இங்கிருந்தவர் பலர் இங்கேயே வேரூன்றினர். முதுமையும் இங்கேயே வரலாயிற்று.

சம்பளத்தைக் கண்ட ஆட்சி

போர் முடிந்ததும் சிங்கப்பூரில் 1946இல் சமூகநல இலாகா நிறுவப்பட்டது. 1951இல் பொது உதவித் திட்டம் வந்தது. ஆதரவற்றோர்க்கு மாதந்தோறும் சிறு தொகை கொடுப்பது அதன் பணி. கவனிக்க ஆள் இல்லாதவரையே அது நாடியது. கவனிக்கும் ஆள் இருந்தால் அவ்வீட்டில் குறை இல்லை என்பது பொதுக்கருத்து. 1955 ஜூலை முதல் நாள் மத்திய சேமநிதி தொடங்கியது. தொழிலாளியின் சம்பளத்தில் ஒரு பங்கும் முதலாளியின் பங்கும் சேர்ந்து முதுமைக்கு வைப்பாகும் ஏற்பாடு அது. இன்றளவும் அந்நாட்டு மக்களின் முதுமைக்கு அதுவே தூண். ஆயினும் அதன் கணக்குச் சம்பளத்திலிருந்து பிறப்பது. சம்பளம் இல்லாதவருக்கு மாதந்தோறும் சேரும் வைப்பு இல்லை. ஒருவர் முதுமையைப் பேணுவதற்காகத் தன் சம்பளத்தை விட்டவள், தன் முதுமைக்கு வைப்பதையும் அப்போதே விட்டுவிடுகிறாள். என் தமக்கையாரின் நிலை இதுவே.

அக்காலத்து உள்ளாட்சியைக் கருதினால், சிங்கப்பூரின் மாநகராட்சி மன்றம் 1951இல் அப்பெயர் பெற்றது. ஜூரோங் போன்ற புறப்பகுதிகள் கிராமப்புற வாரியத்தின் கீழ் இருந்தன. 1959இல் சுயாட்சி வந்தபின் மாநகராட்சியின் பணிகளை அரசாங்கமே ஏற்றுக்கொண்டது. சாலை, சாக்கடை, விளக்கு, குடிநீர் என்பனவே அக்கால உள்ளாட்சியின் பெருங்கவலைகள். வீட்டுக் கதவுக்கு உள்ளே நடப்பது குடும்பத்தின் பாடு என்று விடப்பட்டது.

அடுக்குமாடியும் மின்தூக்கியும்

1960இல் வீடமைப்பு வளர்ச்சிக் கழகமும், 1961இல் ஜூரோங் தொழிற்பேட்டைத் திட்டமும் பிறந்தன. தோட்டமும் சதுப்பும் தொழிற்சாலைகளாயின. 1968இல் ஜூரோங் நகராண்மைக் கழகம் அமைந்தது. எழுபதுகளில் பூன் லேயில் அடுக்குமாடிகள் எழுந்தன. 1990 ஜூலையில் பூன் லே ரயில் நிலையம் திறக்கப்பட்டது.

ஓலைவீட்டுக் கம்பத்திலிருந்தும் லயத்திலிருந்தும் வந்த குடும்பங்களுக்கு இவ்வீடுகள் பெரும் பேறு. எனினும் பேணுவோர்க்கு ஓர் இழப்பும் உண்டாயிற்று. லயத்தில் ஒருத்தி குளிக்கப் போனால் அடுத்த வீட்டுக்காரி திண்ணையிலிருந்து கிழவியைப் பார்த்துக்கொள்வாள். மாடிவீட்டின் கதவு மூடியிருக்கும். மகன்கள் தனித்தனியே வீடு கேட்டுப் பிரிந்தனர். மூன்று தலைமுறைகள் ஒன்றாக வாழ விரும்பினால் வீடு ஒதுக்குவதில் முன்னுரிமை என்று 1982இல் ஓர் ஏற்பாடு வந்ததே இப்பிரிவின் வேகத்தைக் காட்டும்.

உள்ளாட்சி மீண்டும் வந்தது 1986இல். அவ்வாண்டு ஆங் மோ கியோவில் நகர மன்றங்கள் சோதனையாகத் தொடங்கின; 1988இல் அதற்குச் சட்டம் ஆயிற்று. நடைவழி, மின்தூக்கி, துப்புரவு முதலிய பொது இடங்களைப் பேணுவது நகர மன்றத்தின் பொறுப்பு. 1997 முதல் சமூக மேம்பாட்டு மன்றங்கள் ஏற்பட்டன. அவை 2001இல் ஐந்தாகத் திருத்தி அமைக்கப்பட்டன. பூன் லே தென்மேற்கு மன்றத்தைச் சேர்ந்தது.

மின்தூக்கிக்கும் பேணுதலுக்கும் என்ன தொடர்பு என்று வாசகர் வினவலாம். பழைய கட்டடங்களில் மின்தூக்கி சில மாடிகளில் மட்டுமே நின்றது. இடைப்பட்ட மாடியில் வாழ்வோர் ஏறியோ இறங்கியோ போக வேண்டும். திடமானவர்க்கு அது சிறு தொல்லை; சக்கர நாற்காலியில் ஒருவரை வைத்திருப்பவர்க்கு அது சிறை. ஒவ்வொரு மாடியிலும் மின்தூக்கி நிற்கச் செய்யும் திட்டம் 2001இல் அறிவிக்கப்பட்டது. குளியலறையில் கைப்பிடியும் வழுக்காத தரையும் வாசலில் சரிவுப் பாதையும் குறைந்த செலவில் அமைத்துத் தரும் திட்டம் 2012இல் வந்தது. அக்காளின் வீடும் முன்னாளில் மின்தூக்கி நில்லாத மாடியில்தான் இருக்கிறது. அந்நாளில் மாமியாரை மருத்துவரிடம் கொண்டுபோவது எவ்வாறு இருந்திருக்கும் என்று கேட்டேன். “கொண்டுபோகவே முடியாது, தம்பி” என்றார். ‘முதியோருக்காக’ என்று எழுதப்படும் இத்தகைய பணிகள், எழுதப்படாத மற்றொருவரின் முதுகையும் முழங்காலையும் காப்பாற்றின.

மக்கள்மேல் வைத்த கடமை

1976இல் இல்லத் தாதிமை அறநிறுவனம் தொடங்கியதிலிருந்து தாதியர் வீடுதேடிச் சென்று நோயாளிகளைக் கவனித்தனர். முதுமையை நாட்டின் கேள்வியாக ஆராய 1982இல் அமைச்சர் ஹாவ் யூன் சோங் தலைமையில் ஒரு குழு அமைந்து 1984இல் அறிக்கை தந்தது. பத்தாண்டு கழித்து, நியமன உறுப்பினராக இருந்த பேராசிரியர் வால்டர் வூன் நாடாளுமன்றத்திற்கு ஒரு தனிநபர் மசோதாவைக் கொண்டுவந்தார். பெற்றோர் பராமரிப்புச் சட்டம் என்னும் அது 1995இல் நிறைவேறி, மறு ஆண்டு நடுவர் மன்றமும் அமைந்தது. தம்மைத் தாமே பேண இயலாத 60 வயதுக்கு மேற்பட்ட பெற்றோர், தம் மக்களிடம் பராமரிப்புப் பணம் கேட்டு முறையிடலாம்.

அன்று இச்சட்டம் பெரும் விவாதத்தை எழுப்பியது. அன்பைச் சட்டத்தால் வாங்கலாமா என்றனர் சிலர். அன்பில்லாவிடினும் சோறாவது கிடைக்கட்டும் என்றனர் சிலர். நாம் கருதத்தக்கது வேறு. சட்டம் கடமையை மக்கள்மேல் வைத்தது. அக்கடமையின் அளவைப் பணத்தால் கணக்கிட்டது. ஆனால் தூக்கிக் குளிப்பாட்டுவதும், இரவில் மும்முறை எழுந்து புரட்டிப் படுக்கவைப்பதும் பல குடும்பங்களில் மருமகளின் கைகளாக இருக்கின்றன. பணம் தராத மகனைச் சட்டம் கேட்க முடிந்தது. கையைத் தந்துகொண்டிருக்கும் மருமகளுக்கு என்ன வேண்டும் என்று கேட்க அதில் இடமில்லை. ‘உழைச்செல்வான்’ என்பதன் ஈறு ஆண்பால். வீட்டில் அச்சொல்லுக்கு உரியவர் பெரும்பாலும் பெண்பால்.

கடல் கடந்த ஒரு சான்று

இக்குறை சிங்கப்பூருக்கு மட்டும் உரியதன்று. இந்நாடுகளுக்கு ஆட்சிமுறையைக் கற்பித்த பிரிட்டனிலும் இதுவே நடந்தது. மேரி வெப்ஸ்டர் என்னும் சமயப் பணியாளர் 1954இல் பெற்றோரைப் பேணுவதற்காகத் தம் பணியை விட்டார். தம்மைப் போன்ற மணமாகாத மகளிர் ஆயிரக்கணக்கில் வீடுகளுக்குள் அடைபட்டிருப்பதை உணர்ந்து 1963இல் செய்தித்தாள்களுக்குக் கடிதம் எழுதினார். எங்கிருந்தெல்லாமோ மறுமொழிகள் வந்தன. 1965இல் அவர்களுக்கென ஒரு தேசிய மன்றம் உருவாயிற்று. அம்மன்றம் இடைவிடாது வாதாடியது. அதன் விளைவாக 1976இல், நோயாளியைப் பேணுவதற்காக வேலையை விட்டவர்க்கே ஓர் உதவிப்பணம் நடைமுறைக்கு வந்தது.

ஆயினும் மணமான பெண்களுக்கு அது இல்லை என்றனர். மனைவியானவள் எப்படியும் வீட்டில் இருப்பவள்தானே என்பது காரணம். நோயுற்ற தாயைப் பேணிய ஜாக்கி டிரேக் என்னும் மணமான பெண் வழக்காடினார். 1986இல் ஐரோப்பிய நீதிமன்றம் அவருக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. 1995இல் வந்த சட்டம் பேணுவோரின் நிலையை மதிப்பிட்டுப் பார்க்கும் பொறுப்பை உள்ளாட்சி மன்றங்களுக்குத் தந்தது. 2014ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, இங்கிலாந்தில் உதவி தேவைப்படுவதாகத் தோன்றும் ஒவ்வொரு பராமரிப்பாளரையும் உள்ளாட்சி மன்றம் மதிப்பிட்டே ஆக வேண்டும். நோயாளிக்கு என்ன வேண்டும் என்ற கேள்வியோடு உமக்கு என்ன வேண்டும் என்ற கேள்வியையும் சட்டம் சேர்க்க இத்தனை ஆண்டுகள் ஆயின.

பேரேட்டில் ஏறிய பெயர்

சிங்கப்பூரில் இம்மாற்றம் படிப்படியாக வந்தது. 2002இல் எல்டர்ஷீல்டு என்னும் காப்புறுதி தொடங்கியது. கடும் உடற்குறை உற்றவர்க்கு மாதம் 300 வெள்ளி, ஐந்தாண்டு வரை. அது நோயாளியின் பெயரில் வருவது. 2009இல் ஒருங்கிணைந்த பராமரிப்பு அமைப்பு தனி நிறுவனமாயிற்று. மருத்துவமனை, தாதிமை இல்லம், பகல்நேரப் பராமரிப்பு, வீடு என்று சிதறிக் கிடந்த சேவைகளை இணைத்துக் காட்டுவது அதன் பணி.

2012இல் வந்த ஒரு மானியம் நம் ஆராய்ச்சிக்கு மிகவும் வேண்டியது. உடல் தளர்ந்த முதியவரைப் பார்த்துக்கொள்ள வெளிநாட்டுப் பணிப்பெண்ணை அமர்த்தும் குடும்பத்திற்கு, வருமான வரம்புக்கு உட்பட்டு மாதம் 120 வெள்ளி கொடுக்கப்பட்டது. நன்று. ஆனால் அதே வேலையை மருமகளே செய்யும் வீட்டிற்கு அத்தொகை இல்லை. ஆயாவுக்குச் சம்பளம், தாய்க்கு இல்லை என்ற தோட்டத்துக் கணக்கே ஏறத்தாழ நூறாண்டுக்குப் பின்னும் நின்றது.

அக்கணக்கு மாறியது 2019இல். அவ்வாண்டு சுகாதார அமைச்சு பராமரிப்பாளர்க்கென்றே ஒரு செயல்திட்டத்தை அறிவித்தது. பழைய மானியம் நீங்கி, அக்டோபர் முதல் இல்லப் பராமரிப்பு மானியம் வந்தது. மாதம் 200 வெள்ளி. பணிப்பெண் இருந்தாலும் இல்லாவிட்டாலும், வரம்புக்கு உட்பட்ட குடும்பம் அதைப் பெறலாம். எதற்குச் செலவிடுவது என்பதையும் குடும்பமே முடிவு செய்யலாம். 2023இல் அது வருமானத்திற்கேற்ப 250 அல்லது 400 வெள்ளியாயிற்று. உச்சத் தொகை 2026 ஏப்ரல் முதல் 600 வெள்ளியாகும் என்று 2025இல் அறிவிக்கப்பட்டது. 2020இல் தொடங்கிய கேர்ஷீல்டு லைஃப், மாதம் 600 வெள்ளியில் தொடங்கி, குறை நீடிக்கும்வரை வாழ்நாள் முழுதும் தரும் காப்புறுதியாகும். இவற்றோடு பேணுவோர்க்குப் பயிற்சியும், சில நாளேனும் அவர் ஓய்வெடுக்கும்படி மாற்றுக் கவனிப்பும் உண்டு.

மானியத்திற்கு அளவுகோல் ஆறு செயல்கள்: குளித்தல், உடுத்தல், உண்ணுதல், கழிப்பறை செல்லுதல், நடமாடுதல், படுக்கையிலிருந்து நாற்காலிக்கு மாறுதல். இவற்றுள் மூன்றிலாவது எப்போதும் பிறர் துணை வேண்டியவராக நோயாளி இருக்க வேண்டும். இந்தப் பட்டியலை அக்காளுக்குப் படித்துக்காட்டினேன். அவர் சற்று நேரம் பேசவில்லை. பின்பு, “நான் காலையிலே செய்யற வேலையை வரிசையா எழுதி வச்சிருக்காங்களே” என்றார். ஆறு ஆண்டுகளாகத் தாம் செய்துவந்தது ஓர் அரசாங்கத் தாளில் எழுதப்பட்டிருப்பதை அன்றுதான் அவர் கண்டார். நாங்கள் விண்ணப்பத்தை அன்றிரவே நிரப்பினோம்.

அவருடைய கேள்விக்கு விடையும் அப்போது கிடைத்தது. மானியம் கூலியன்று. முழுநேரம் உழைக்கும் ஒருத்திக்கு 400 வெள்ளியைக் கூலி என்பார் எவரும் இலர். அவள் செய்வது வேலை என்று ஊர் ஒப்புக்கொண்டதற்கு அஃது அடையாளம். கடமை என்ற சொல்லை நாம் போற்றுகிறோம், போற்றத்தான் வேண்டும். ஆனால் கடமையைச் செய்பவள் துணை கேட்கக் கூடாது என்று எந்த அறநூலும் விதிக்கவில்லை. ஊழியர் சேமநிதியைக் கூசாமல் பெறும் நாம், இதற்கு மட்டும் கூசுவானேன்?

ஆசிரியர் செய்யத்தக்கது

2030இல் சிங்கப்பூர்க் குடிமக்களில் நால்வரில் ஒருவர் 65 வயதை எட்டியவராக இருப்பர் என்பது அரசாங்கத்தின் கணிப்பு. பக்கத்தில் இருப்போரின் தொகையும் அதற்கேற்பப் பெருகும். திட்டங்கள் தாளில் உள்ளன, கேட்டால்தான் வரும். கேட்பதற்கு முதலில் தெரிய வேண்டும். தெரிந்தபின் கூச்சம் நீங்க வேண்டும். இவ்விரண்டிலும் தமிழாசிரியர்க்கு வேலை உண்டு. விண்ணப்பத்தின் மொழியை எளிய தமிழில் சொல்ல நம்மால் இயலும். பெற்றோர் சந்திப்பு நாளில், வீட்டில் நோயாளி எவரேனும் உண்டா என்று ஒரு கேள்வி கேட்கவும் இயலும்.

முடிவாக என் பிழை ஒன்றை எழுதுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் என் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி வாரத்தில் மூன்று நாள் தாமதமாக வந்தாள். நேரந்தவறாமையைப் பற்றி ஆசிரியப் பயிற்சியில் கற்றதையெல்லாம் அவளுக்குச் சொன்னேன். வருகைப் பதிவேட்டில் சிவப்பு மையால் குறித்தேன். தாய் விடியுமுன் வேலைக்குப் போய்விட, படுக்கையிலிருந்த பாட்டிக்குக் கஞ்சி ஊட்டி, துணி மாற்றிவிட்டு அவள் பள்ளிக்கு வருகிறாள் என்பது, பாட்டி இறந்து துக்கம் கேட்கச் சென்றபோதுதான் எனக்குத் தெரிந்தது. அன்று செக்ரோல் பிடித்தவர்கள் செய்ததையே நானும் என் பதிவேட்டில் செய்திருக்கிறேன்.

இவ்வாண்டு ‘மருந்து’ அதிகாரத்தை நடத்தியபோது நான்காம் உறுப்பிலிருந்து தொடங்கினேன். உங்கள் வீட்டில் உழைச்செல்வார் யார் என்று கேட்டேன். பெரும்பாலோர் “அம்மா” என்றனர். இருவர் கை உயர்த்தி, “நான்தான் சார்” என்றனர்.